புத்தகங்களைக் கொடுத்த ஆயர்

இறந்துபோன ஆயர்களின் பேரை ஞாயிறு தவறாமல் வாசிப்பது அர்த்தோனா ஊர்ச் சபையின் வழக்கம். முதல் ஆயரில் தொடங்கி, கடைசியாகக் கண்மூடியவர் வரை வரிசையாக வாசிப்பார்கள். ஒவ்வொரு பேருக்கும் சனங்கள் "எங்கள் ஆயர்" என்று சத்தமாகப் பதில் சொல்வார்கள். பிரசங்கம் முடிகிறவரை துறைமுகத்தில் கதை பேசிக்கொண்டிருப்பவர்கள்கூட இதற்குச் சரியாக வந்து நின்றுவிடுவார்கள். என்ன செய்வது, மனுசருக்குப் போதனையைவிடப் பேர்தான் பிடிக்கிறது.

நான் சொல்லும் காலத்தில் அங்கே ஆயராக இருந்தவர் தலாசியுஸ். மலைக்கு அப்பாலிருந்து வந்தவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். அவரிடம் சரித்திரம் எழுதக் கற்றுக்கொண்டவர் கிரிஸ்பின். அவருக்கு ஐம்பத்தைந்துக்கு மேல். ஆளுநர் கச்சேரியில் எழுத்தராக இருந்தவர், அதை உதறிவிட்டுச் சபையின் திருத்தொண்டராக வந்திருந்தார். குருவைவிடச் சீடர் மூத்தவர். அதனால் குரு சீடரை "அண்ணே" என்பார், சீடர் குருவை "சாமி" என்பார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவரும் அதைக் கண்டுகொண்டதே இல்லை.

பாடம் தொடங்கிய அன்றைக்கே கிரிஸ்பின் கேட்டார். "சாமி, எது எப்போ நடந்ததுன்னு எதை வச்சு எழுதுறது? பேரரசர் பட்டத்துக்கு வந்த வருசத்தை வச்சா?"

"பேரரசருக்கு எழுத அவர்கிட்டயே ஆள் இருக்கு அண்ணே. நம்ம புத்தகங்களை எரிக்கச் சொன்னவங்க வருசம் நமக்கு எதுக்கு?"

"அப்போ எதை வச்சு?"

"ஆயர்களை வச்சுத்தான். முதல்ல அவங்களை வரிசையா நிறுத்துங்க. பஞ்சம் இன்னார் காலத்துல வந்தது, கோயில் இன்னார் காலத்துல கட்டினோம், இன்னார் காலத்துல இவங்க இவங்க உயிரைக் குடுத்தாங்கன்னு ஒவ்வொருத்தர் பேருக்குக் கீழயும் எழுதிட்டு வாங்க. நமக்கு முன்னாடி எழுதின ஆயர்கள் எல்லாரும் அப்படித்தான் எழுதினாங்க."

கிரிஸ்பின் எழுதத் தொடங்கினார். கச்சேரிக் கை. எழுத்து முத்து முத்தாக விழுந்தது. ஆயர் பொத்தாமோன் காலம் வரைக்கும் தடங்கலே இல்லை. அவருக்கு அடுத்த பேரில் வந்து நின்றுவிட்டார்.

அடுத்தவர் மாரின்.

மாரினின் கதை ஊரில் வயசானவர்களுக்கெல்லாம் தெரியும். பேரரசின் ஆட்கள் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய வேதகலாபனை நடந்த வருசம் அது. கிறிஸ்தவர்களின் புத்தகங்களைப் பிடுங்கி எரிக்கச் சொல்லி ஆணை வந்தது. அர்த்தோனாவில் புத்தகங்களை ஒளித்துவைத்தார்கள். ஒளித்த இடத்தை இரண்டே பேர்தான் அறிந்திருக்க வேண்டும் என்பது சபையின் ஏற்பாடு. ஒருவர் ஆயர், மற்றவர் கோயிலில் வேதம் வாசிக்கும் வாசகர். படைவீரர்கள் முதலில் வாசகரைப் பிடித்தார்கள். அடித்தார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஆயர் மாரினிடம் போனார்கள். மாரின் இடத்தைக் காட்டிவிட்டார். புத்தகங்கள் சந்தையில் எரிந்தன. வாசகரையும் விடவில்லை, கொன்றுபோட்டார்கள்.

அந்த வாசகரின் பேர் எலாதி. கிரிஸ்பினின் தம்பி.

மாரின் சாகவில்லை. ஆயர் பதவியை விட்டு இறங்கினார். துறைமுகத்தில் பாய்மரத் துணி தைத்துப் பிழைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் வாசலுக்கு வெளியே, மனம் வருந்துகிறவர்கள் நிற்கும் இடத்தில் வந்து நிற்பார். கலாபனை ஓய்ந்து இருபத்தைந்து வருசம் ஆகிவிட்டது. "போதும், உள்ளே வாருங்கள்" என்று தலாசியுஸுக்கு முன்பிருந்த ஆயரும் கூப்பிட்டார், தலாசியுஸும் கூப்பிட்டார். மனுசர் வருவதாக இல்லை.

கிரிஸ்பின் குருவிடம் வந்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும். மாரின் பேரை எழுதித்தான் ஆகணுமா?"

"ஏன்?"

"ஊர்ப் பெரியவங்க எல்லாரும் வேண்டாங்கிறாங்க. பக்கத்து ஊர் கல்லீராக்காரன் நம்மளைப் பார்த்தாலே 'புத்தகத்தைக் குடுத்த ஊரு'ன்னு கேலி பண்றான். குடுத்தது யாருன்னு அவனுக்குத் தெரியாது. அதை நாமளே எழுதிவச்சுப் பேரப்பிள்ளைங்க கையில குடுக்கணுமா?"

"ஊர்ப் பெரியவங்க இருக்கட்டும். உங்களுக்கு?"

கிரிஸ்பினுக்கு முகம் கறுத்துவிட்டது. "எனக்கு வயிறு எரியுது சாமி. அவன் வாயைத் திறக்காம செத்தான். இவர் வாயைத் திறந்து பிழைச்சார். ரெண்டு பேரையும் ஒரே பக்கத்துல எழுத எனக்குக் கை வரல."

தலாசியுஸ் அவரை உட்காரச் சொன்னார். பிறகு, "அவர் காலத்துல நடந்ததை அவர்கிட்டயே போய்க் கேட்டுட்டு வாங்க அண்ணே" என்றார். "எழுதுறதும் விடுறதும் அப்புறம். சாட்சி உயிரோட இருக்கும்போது கேக்காம விடக்கூடாது."

கிரிஸ்பின் மனசே இல்லாமல் போனார். இருபத்தைந்து வருசத்தில் அந்த மனுசரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. தெருவில் எதிரே வந்தால் இவர் வேறு சந்தில் திரும்பிவிடுவார். அன்றைக்குத் திரும்ப வழியில்லை.

மாரின் கரையில் உட்கார்ந்து கிழிந்த பாய் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். ஊசி நின்றது.

"எலாதியோட அண்ணன்தானே?"

"சரித்திரம் எழுதுறேன். ஆயர் அனுப்பினார். அந்த வருசங்கள்ல நடந்ததைச் சொல்லுங்க." கிரிஸ்பின் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்.

மாரின் சொன்னார். பொத்தாமோன் எப்படிச் செத்தார், பஞ்சத்தில் யார் யார் வீட்டுத் தானியம் பொதுவில் வந்தது, கப்பல் உடைந்து கரை ஒதுங்கியவர்களை எந்தக் குடும்பம் வைத்துக் காப்பாற்றியது, எல்லாம் சொன்னார். கைம்பெண்களின் பேர்கள்கூட அவருக்கு மறக்கவில்லை. ஒரு தடவைகூட "நான்" என்ற வார்த்தை வரவில்லை. கிரிஸ்பினுக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"எல்லார் கதையும் சொல்றீங்க. உங்க கதை எங்க?"

"கேளு, சொல்றேன்."

"எவ்வளவு அடிச்சாங்க?"

"யாரை?"

"உங்களைத்தான். இடத்தைக் காட்டுறதுக்கு முன்னாடி எவ்வளவு அடிச்சாங்க?"

மாரின் பாய்த் துணியை மடியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார். "அடிக்கவே இல்ல தம்பி. வந்தாங்க, கேட்டாங்க. உன் தம்பியைப் பண்ணினதை நான் பார்த்திருந்தேன். அது எனக்கும் வரும்னு தெரிஞ்சது. பயந்துட்டேன். உப்புக் கிடங்குத் தரையைத் தோண்டச் சொன்னேன்."

கிரிஸ்பினுக்கு அந்த ஆளை அப்படியே கடலில் தள்ளிவிடலாமா என்றிருந்தது. அடித்திருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். அடிகூட வாங்காமலா?

"இதை எழுதணும்னு உங்களுக்கு ஆசையா?"

"ஆசைன்னு இல்ல. நடந்தது அதுதான்."

கிரிஸ்பின் திரும்பி நடந்தார். வீட்டுக்கு வந்ததும் எழுதுகோலை எடுத்தார். பொத்தாமோனுக்கு அடுத்து, "அதன்பின் சில காலம் சபைக்கு ஆயர் இல்லை. அந்நாட்களில் படைவீரர் வந்து புத்தகங்களை எடுத்துச் சென்றனர். வாசகர் எலாதி வேதசாட்சியாக உயிர் துறந்தார்" என்று எழுதினார். ஒரு மனுசரை மூன்று வரியில் இல்லாமல் பண்ணிவிட்டார். அன்று அவர் நிம்மதியாகத் தூங்கினார் என்று சொன்னால் நம்புவீர்களா? தூங்கினார்.

எலாதியின் நினைவு நாள் வந்தது. அந்த நாளில் கல்லீரா சபையாரும் படகேறி வந்து பூசையில் கலந்துகொள்வார்கள். வேதசாட்சியின் வரலாற்றை எல்லார் முன்னும் வாசிக்க வேண்டும்.

அந்த மூன்று வரிகளோடு, புத்தகங்களை ஒளித்ததையும் தம்பி பட்ட பாட்டையும் விரித்து எழுதிக் கிரிஸ்பின் குருவிடம் காட்டினார். தலாசியுஸ் முழுக்கப் படித்தார். "ஆயர் இல்லை" என்ற இடத்தில் அவர் கண் நின்றது கிரிஸ்பினுக்குத் தெரிந்தது.

"இப்படியே வாசிக்கலாமா சாமி?"

"உங்க தம்பியோட நாள். எழுதினதும் நீங்க. உங்களுக்குச் சம்மதம்னா வாசிங்க."

"உங்களுக்குச் சம்மதமா?"

"எனக்குச் சம்மதமில்லைன்னு சொன்னா மாத்துவீங்க. மாத்தினது நீங்களா இருக்கமாட்டீங்க."

கிரிஸ்பினுக்குப் புரியவில்லை. வேண்டாம் என்று சொல்லவில்லை அல்லவா, அதுவே போதும் என்று எடுத்துக்கொண்டார்.

கோயில் நிறைந்திருந்தது. கிரிஸ்பின் மேடையேறி வாசித்தார். குரல் கணீரென்று ஏறியது. தம்பி அடி வாங்கியதையும் வாயைத் திறக்காததையும் வாசித்தபோது பெண்கள் அழுதார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். மாரின் பேர் வரவே இல்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் அவர்கள் நினைத்தார்கள்.

கல்லீராவிலிருந்து வந்தவர்களில் சோசிமுஸ் என்று ஒரு குரு. நல்ல மனுசர், சூதுவாது தெரியாதவர். புதிதாகக் குருப்பட்டம் பெற்றவர், பழைய கதை எதுவும் அறியாதவர். அவர் எழுந்தார்.

"அருமையா இருந்துச்சுங்க. எங்க ஊர்லயும் வாசிக்க ஒரு படி எழுதிக் குடுங்க. ஒண்ணே ஒண்ணு விளங்கலை. புத்தகங்களை ஒளிச்சு வச்சிருந்தீங்கன்னு வருது. அந்த இடம் எத்தனை பேருக்குத் தெரியும்?"

"ஆயருக்கும் வாசகருக்கும்" என்றார் கிரிஸ்பின். யோசிக்காமலே சொல்லிவிட்டார். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ஏற்பாடு அது.

"அப்போ ஆயர்தான் இல்லைன்னீங்களே."

"ஆமா."

"அப்படின்னா வாசகர் ஒருத்தருக்குத்தான் தெரிஞ்சிருக்கும். படைவீரங்க இடத்தைக் கண்டுபிடிச்சுட்டாங்க." சோசிமுஸ் பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். தன் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது. "மன்னிச்சுக்கோங்க. அவ்வளவு அடி வாங்கினா யாருக்கானாலும்... நான் குத்தம் சொல்லலை. பாவம்."

 கல்லீராக்காரர்கள் குனிந்து கிசுகிசுத்தார்கள். "பாவம்" என்ற வார்த்தை வரிசை வரிசையாகப் பின்னால் போனது. அர்த்தோனாப் பெரியவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

கிரிஸ்பின் மேடையில் நின்றார். ஒரு பேரைச் சொன்னால் போதும், தம்பி மேல் விழுந்த பழி போய்விடும். சொன்னால் இப்போது வாசித்தது பொய் என்று ஆகும். ஊர் மானம் போகும்.  செத்த தம்பிக்காக வாயைத் திறக்க வேண்டும், திறக்க முடியவில்லை.

"நான்தான் குடுத்தேன்!"

சத்தம் வாசலுக்கு வெளியேயிருந்து வந்தது. எல்லாரும் திரும்பினார்கள். மாரின் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் இன்னமும் நிலைப்படிக்கு வெளியேதான் இருந்தது.

"நீங்க யாரு பெரியவரே?" என்று கேட்டார் சோசிமுஸ்.

"மாரின். அந்த வருசம் இந்த ஊருக்கு ஆயர் இல்லாம இல்ல. நான் இருந்தேன். இடத்தைக் காட்டினது நான். அந்தப் பையனை என்ன பாடு படுத்தியும் அவன் சொல்லலை. அவனை ஒண்ணும் சொல்லாதீங்க." மூச்சு வாங்கியது. "அவனைச் சந்தேகப்பட்டுட்டு ஊருக்குப் போகாதீங்க சாமி. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

சோசிமுஸ் எலாதியின் கல்லறைக்குப் போய் மண்டியிட்டார். அவர் பின்னால் கல்லீராக்காரர்கள் எல்லாரும் போனார்கள். அன்றைக்கு யாரும் யாரையும் கேலி பண்ணவில்லை.

பூசை முடிந்ததும் கிரிஸ்பின் தலாசியுஸின் அறைக்குள் நுழைந்தார். கோபம் தலைக்கேறியிருந்தது. மேடையில் வராத வார்த்தை எல்லாம் இப்போது கொட்டியது.

"தெரிஞ்சேதான் விட்டீங்க! இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியும். என் தம்பி பேரை அத்தனை பேர் முன்னாடி சந்தியில இழுத்துவிட்டீங்களே!"

"யாராவது கேப்பாங்கன்னு தெரியும் அண்ணே. இன்னிக்கு, அவன் நாள்லயே கேப்பாங்கன்னு தெரியாது. அது என் தப்புதான். நான் தடுத்திருக்கணும்." தலாசியுஸ் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "வெளியே நின்னவர் பேசுவார்னும் நான் நினைக்கலை."

குரு இப்படி ஒத்துக்கொள்வார் என்று கிரிஸ்பின் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு வந்தவருக்குச் சண்டை கிடைக்கவில்லை. பொத்தென்று உட்கார்ந்தார். முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"நான் பேசலையே சாமி. என் கூடப்பிறந்தவனுக்காக நான் வாயைத் திறக்கலை. அந்த ஆள் திறந்தார்."

தலாசியுஸ் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அழுது முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

அந்த வாரம் முழுக்கக் கிரிஸ்பின் எழுதினார். பழைய பக்கத்தைச் சுரண்டிவிட்டுத் திரும்ப எழுதினார். துறைமுகத்துக்குப் போனார். இந்த முறை உட்கார்ந்து கேட்டார். மாரின் தைக்கத் தைக்கச் சொன்னார், இவர் எழுத எழுதக் கேட்டார். பஞ்சத்தில் ஆயர் வீட்டுத் தானியமும் பொதுவில் போனது என்று மாரின் சொல்லவில்லை, வேறு ஆட்கள் சொன்னார்கள். அதையும் எழுதினார். ஊர்ப் பெரியவர்கள் வந்து கெஞ்சினார்கள். "போங்கய்யா, வேலை கிடக்கு" என்று அனுப்பிவிட்டார்.

எழுதியதைக் குருவிடம் கொண்டுபோய் நீட்டினார்.

தலாசியுஸ் வெளிச்சத்தில் வைத்துப் படித்தார். பஞ்சம் இருந்தது. கப்பல் இருந்தது. புத்தகங்களைக் கொடுத்தது இருந்தது, அடி வாங்காமல் பயந்து கொடுத்தது என்றே இருந்தது. எலாதி இருந்தார். வாசலில் நின்று கத்தியதும் இருந்தது.

"எல்லாம் சரியா இருக்கு அண்ணே. ஒரு வார்த்தையைக் காணோமே."

கிரிஸ்பினுக்குத் தெரியும்.

"மத்தவங்களுக்கெல்லாம் 'ஆயர் இன்னார் காலத்தில்'னு இருக்கு. இங்க மட்டும் 'மாரின் காலத்தில்'னு மொட்டையா இருக்கு."

"எழுத உட்கார்ந்தேன் சாமி. முடியல." கிரிஸ்பின் மறைக்காமல் சொன்னார். "அவரை மன்னிச்சுட்டேன்னுகூட வச்சுக்கோங்க. பேரை எழுதியாச்சு, நல்லதையும் எழுதியாச்சு. அந்த ஒரு வார்த்தை வரமாட்டேங்குது. நாளைக்கு அவர் செத்தா, ஞாயித்துக்கிழமை அவர் பேருக்கும் இந்த ஊர் 'எங்கள் ஆயர்'னு சொல்லணுமே. என் வாய் அதைச் சொல்லாது."

தலாசியுஸ் பக்கங்களைப் புரட்டினார்.

"இன்னும் ரெண்டு பக்கம் தள்ளி உங்க பேர் வருது சாமி. 'ஆயர் தலாசியுஸ்'னு எழுதியிருக்கேன், சந்தோசமா எழுதினேன். அதே வார்த்தையை அவருக்கு எப்படி எழுதுவேன்? நீங்களே சொல்லுங்க. அவர் குடுத்தார். நீங்க குடுக்கலையே."

தலாசியுஸ் பக்கங்களை அடுக்கிச் சீடரின் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"கலாபனை வந்த வருசம் நானும் வாசகரா இருந்தேன் அண்ணே, மலைக்கு அந்தப் பக்கம் எங்க அப்பாவோட ஊர்ல. புத்தகங்கள் என் கட்டிலுக்கு அடியிலதான் இருந்துச்சு. எங்க ஊருக்குச் சரியான பாதை கிடையாது. படைவீரங்க பாதி மலையிலேயே திரும்பிட்டாங்க."

கிரிஸ்பின் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் குடுக்கலை, நிசந்தான்" என்றார் தலாசியுஸ். "என்கிட்ட யாரும் கேக்கலையே அண்ணே."